டிரெய்லருக்கு மூணு பூட்டு

இந்தக் காலத்து ஆளுங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் பேரு தெரியாது. ஆனால் ஊரே திருட்டு ஊருன்னு மட்டும் அடிச்சுச் சொல்லுவாங்க. என் மாப்பிள்ளையும் அந்த ரகம்தான்.

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு காடு மேடெல்லாம் போய்த் தங்குகிற டிரெய்லர் ஒன்று வாசலில் நிற்கிறது. உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, சுருட்டின கூடாரம், அவ்வளவுதான். அதற்குப் போய்க் காலையிலிருந்து சக்கரத்துக்கு ஒரு பூட்டு, கொக்கிக்கு ஒரு பூட்டு, கதவுக்கு ஒரு பூட்டு என்று மாட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தத் தகர டப்பாவை எவன் மாப்பிள்ளை தூக்கப் போறான்?"

"கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள இழுத்துட்டுப் போயிடுவாங்க மாமா."

"கூட நின்னு பார்த்த மாதிரி பேசறீங்களே!"

மகள் வந்து பூட்டுகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள். பெரிய காவல்துறை!

"ஆட்டினது போதும். சாவியைக் குடு" என்று கையை நீட்டினேன்.

மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"சாவி எங்ககிட்டயே இருக்கட்டும்ப்பா. போன தடவை சொல்லாம கொள்ளாம கிளம்பிட்டீங்க. மலையடிவாரத்துல மயங்கிக் கெடந்த உங்களை யாரோ பார்த்ததால பொழைச்சீங்க. தனியா எங்கயும் தங்கக் கூடாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

என் காசில் வாங்கின என் டிரெய்லர். அதுக்குத் திருடன் நான்தானாம்!

"டாக்டருக்கு என்ன தெரியும்? மலைக்காத்தைக் கண்டிருப்பானா அவன்? காலுக்கு ஒரு பூட்டு வாங்காம விட்டுட்டீங்களே மாப்பிள்ளை!"

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். "அப்பா!" என்று கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை.