நிறுத்தக் கூடாத மாத்திரை

"மாத்திரைய மட்டும் நிறுத்திராதீக டாக்டரம்மா! ஒங்க கால்ல விழுறேன்."

சுல்தான் பீவி மேசையைச் சுற்றி வந்து கையைப் பிடித்துக்கொண்டதும் டாக்டர் சொர்ணலதா திகைத்துப் போனார். பிரஷர் குறைந்துவிட்டது என்று சொன்னால் இனிப்பு வாங்கிக் கொடுப்பவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

பிரஷர் நார்மல் என்று கேட்டுக்கொண்டு, புருஷன் உசேன் வெளியே எடை பார்க்கப் போயிருந்தார். மேகமலையில் டீக்கடை. பிரஷர் பார்க்க மாதம் ஒருமுறை முதல் பஸ்ஸில் மனைவியோடு சின்னமனூருக்கு இறங்கி வருவார். வந்தும், பின்னால் வந்தவர்களை எல்லாம் முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசி ஆளாகத்தான் உள்ளே நுழைவார்.

"நாலு மாசமா நார்மலா இருக்கு. லேசான பிரஷர்தானேம்மா? இனி மாத்திரை வேண்டாம். எஸ்டேட் டிஸ்பென்சரியிலேயே அப்பப்போ பார்த்துக்கட்டும்."

"அப்ப இங்கன வரவே வேணாமா?"

அந்த அம்மாள் அழுதேவிட்டாள்.

"எம் மக முபீனா இந்த ஊர்லதான் இருக்கா. ஜெபராஜக் கட்டிக்கிட்டான்னு அவ பேரையே எடுக்கக் கூடாதுன்னுட்டாக. அவுக இங்கன உக்காந்திருக்கயில, சந்தைக்குன்னு சொல்லிட்டு ஓடிப்போயி புள்ளையப் பாத்துட்டு வருவேன். இப்ப மாசமா இருக்கா. மாத்திரை நின்னா மலைய விட்டு எறங்க விடமாட்டாக."

சொர்ணலதாவுக்கு மனசு கரைந்தது. ஆனாலும், "தேவையில்லாத மருந்தை எப்படிம்மா எழுதுறது?" என்றார்.

கதவு திறந்தது. உசேன் உள்ளே வந்தார். சுல்தான் பீவி சட்டென்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பஸ்ஸு வந்துருச்சு. போயி துண்டப் போட்டு எடம் பிடி" என்று துண்டை நீட்டினார். அவள் டாக்டரைக் கெஞ்சலாகப் பார்த்தபடியே வெளியே போனாள்.

உசேன் கதவைச் சாத்தினார். அந்த முரட்டு முகத்தைப் பார்க்கவே டாக்டருக்கு எரிச்சலாக இருந்தது.

"எப்பவும் போல மாத்திரைய எழுதிருங்க டாக்டரம்மா."

"நார்மல்னு சொன்னேனே! எதுக்கு வீணா முழுங்கணும்?"

உசேன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் எங்க முழுங்குறேன்? நிறுத்தி ஆறு மாசமாச்சு. மாசத்துக்கு ஒருக்கா அவ மகளப் பாக்கட்டும்னுதான் எறங்கி வாரேன்."