அண்ணி பார்த்த கோடு

"இருக்கு. மங்கலாதான் இருக்கு, ஆனா இருக்கு," என்றாள் அண்ணி, கர்ப்பம் பார்க்கும் கிட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபடி. விடுமுறையாயிற்றே என்று சொல்லாமல் கொள்ளாமல் கூடப்பிறந்த தம்பி வீட்டுக்கு வந்தவள், கை கழுவப் போன இடத்தில் கண்டெடுத்தது அது.

"எனக்கு ஒரு கோடுதான் தெரியுதுக்கா," என்றான் தம்பி அவசரமாக.

"உனக்கு என்னிக்குடா எது தெரிஞ்சிருக்கு? எங்க ஃபேக்டரியில செக்கிங் டேபிள்ல யார் உக்கார்ந்திருக்கா? நான். சட்டையில ஒரு தையல் விட்டுப் போயிருந்தாலும் என் கண்ணுல மாட்டிக்கும். எனக்கா ரெண்டாவது கோடு தெரியாது?"

தம்பி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். முகம் வெளுத்துவிட்டது. இந்த ஆம்பிளைகளுக்குச் சந்தோஷத்தைக்கூட நின்றுகொண்டு வாங்கிக்கொள்ளத் தெரியாது என்று அண்ணி நினைத்துக்கொண்டாள்.

அவன் மனைவி மட்டும் அசையவில்லை. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவள் அவள். நடு ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டுக் கை நடுங்குகிறவர்களிடம் பேசும் அதே குரலில் சொன்னாள்.

"அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது அண்ணி. அஞ்சு நிமிஷத்துக்குள்ள பார்த்திருக்கணும். நீங்க பெல் அடிச்சீங்க, நான் கதவைத் திறக்க ஓடி வந்துட்டேன். நேரமாகிக் காஞ்சு போனா இப்படி சாம்பலா ஒரு கோடு விழும்."

"சாம்பலா இருந்தா என்ன, சிவப்பா இருந்தா என்ன? கோடு கோடுதானே?"

"இல்ல. இன்னொரு கிட் இருக்கு. இப்பவே பார்த்துடறேன்."

தம்பி நிமிர்ந்தான். "இன்னிக்கே பார்க்கணுமா? ரெண்டு நாள் போகட்டுமே."

"ரெண்டு நாள் தூங்காம என்னால இருக்க முடியாது. எதுவா இருந்தாலும் இன்னிக்குத் தெரிஞ்சாகணும்."

அண்ணிக்கு மனசு கேட்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் கரு கலைந்து இவள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, 'பெரிசா ஒண்ணுமில்ல, லீவு போட்டுட்டு வர வேண்டாம்' என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். அந்தக் குறை அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

"தானா வந்ததை ஏம்மா சோதிச்சுப் பார்க்கறே? போன தடவை நடந்ததை மறந்துடு."

"மறக்கணும்னாலும் முதல்ல தெரியணும் அண்ணி." குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது.

வெளியே வந்து புதுக் கிட்டை மேஜைமேல் வைத்தாள். தம்பி செல்போனில் அலாரம் வைத்தான். மூன்று தலைகளும் குனிந்தன. முதல் கோடு பளிச்சென்று வந்துவிட்டது. அதற்குப் பக்கத்தில் வெறும் வெள்ளை. அலாரம் அடித்தபோது அண்ணிதான் திடுக்கிட்டாள்.

"அண்ணி, உங்க கண்ணைத்தான் நம்பறேன். எனக்காகப் பொய் சொல்லக் கூடாது. இருக்கா?"

அண்ணி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஜன்னலருகே பார்த்தாள், விளக்கடியில் பார்த்தாள். ஒரு இழைகூட இல்லை. இருக்கிறது என்று சொல்லிவிட வாய் வரை வந்தது. ஆனால் எதிரே நின்றவளின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை.

"இல்லம்மா. சுத்தமா இல்ல." கண்ணாடியைக் கழற்றினாள். "மனசை விட்டுடாதே, வயசா போயிடுச்சு..."

ஆறுதலாக அணைத்துக்கொள்ளக் கை நீட்டினாள். அதற்குள் தம்பி எழுந்து வந்து மனைவியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழ, அவளோ அவன் முதுகைத் தட்டிக்கொண்டே சிரித்தாள்.

"என்னடா இது, எனக்கு ஒண்ணுமே புரியலையே," என்றாள் அண்ணி.

"அன்னிக்கு எடுத்தது குழந்தையா வளர வேண்டிய கரு இல்ல அண்ணி, கரு மாதிரியே வளர்ந்த கட்டி," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதுல ஒரு துளி உள்ள மிச்சம் இருந்தாலும் ரெண்டாவது கோடு வரும், அப்படி வந்துட்டே இருந்தா புற்றுநோய்க்கு மருந்து ஏத்தணும்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. இந்தக் கோடு எப்ப போகும்னுதான் வாரா வாரம் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் பார்த்துட்டிருந்தோம்."