ஆள் இழுக்க வந்தவர்

“அந்த பிஸ்கட் கம்பெனிக்கா போறீக? உள்ள வேலைக்குப் போனவுக ஒருத்தரும் விட்டுட்டு வந்ததில்ல சார். எங்காளுக அந்தப் பக்கமே போறதில்ல” என்றார் கீழக்குயில்குடி டீக்கடைக்காரர்.

“ஏன்?”

அவர் கிளாஸ் கழுவப் போய்விட்டார்.

பசுபதி மெட்ராஸ்காரர். அங்கே புதிதாக நாய் பிஸ்கட் போடும் கம்பெனிக்கு ஆள் பிடிப்பது அவர் வேலை. அவர்கள் பிஸ்கட்டை நாய்கள் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. கொடைக்கானல் பங்களா நாய்களெல்லாம் தின்பது இந்த ஊர்த் தவசி கம்பெனியின் பிஸ்கட்டைத்தான். அதற்குப் பக்குவம் பார்க்கும் அன்னக்கொடியை எப்படியாவது இழுத்துவர வேண்டும்.

சாயங்காலமே சமணர் மலையின் நிழல் கம்பெனியை மூடியிருந்தது. கேட்டில் காவல் இல்லை, பூட்டும் இல்லை.

உள்ளே அத்தனை பேர் இருந்தும் பேச்சுச் சத்தம் இல்லை. எல்லோர் கையிலும் முழங்கை வரை துணி உறை. அவரைக் கண்டதும் ஒவ்வொருவராகக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள்.



வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலாளி தவசியே எதிரே வந்தார். “அன்னக்கொடியைக் கூட்டிட்டுப் போக வந்தீகளாக்கும்?”

“உங்களுக்கு எப்படி...”

“வாரவுக எல்லாம் அதுக்குத்தான் வாராக. கேட்டுப் பாருங்க. வந்தாக் கூட்டிட்டுப் போங்க.”

அந்த நிதானம்தான் பசுபதியைப் பயமுறுத்தியது. என்ன சொல்லி மிரட்டி வைத்திருக்கிறான் இந்த மனுஷன்?

தவசி கைகாட்டியதும், அடுப்போரம் நின்ற அன்னக்கொடியிடம் போய்க் குரலைத் தாழ்த்தினார். “பயப்படாதேம்மா. இங்கே அடைச்சு வச்சிருக்காங்களா? எங்க கம்பெனியில ரெட்டைச் சம்பளம், தங்க வீடு. இப்பவே கிளம்பு, நான் பார்த்துக்கறேன்.”

மாவு மெஷின் நின்றது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ஒரு முகத்திலும் அசைவில்லை.

“நெசமாவா சார்?” என்று அன்னக்கொடி மெல்ல உறையைக் கழற்றினாள்.

விரல்கள் பாதிதான் இருந்தன.

“பெருவியாதி வந்த கை சார். இங்க அம்புட்டுப் பேருக்கும் அப்படித்தான். குணமாகி வருசக்கணக்காச்சு, யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. எப்பக் கிளம்பணும்?”

பசுபதியின் கால்கள் தாமாகவே பின்னால் நகர்ந்தன.

“கம்பெனில... கேட்டுட்டுச் சொல்றேம்மா.”

அவளுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. உறையை மாட்டிக்கொண்டு திரும்பிக்கொண்டாள். மெஷின் மறுபடி ஓடியது.

தவசி வாசல்வரை கூட வந்தார். ஏதாவது பேசியாக வேண்டுமே என்று பசுபதி கேட்டார். “நாய்க்கு பிஸ்கட் போடலாம்னு எப்படித் தோணுச்சு?”

“மொதல்ல மனுசருக்குத்தான் சார் போட்டேன். பன்னு, ரொட்டி, பிஸ்கட்டு. மதுரை பூரா நல்லா ஓடுச்சு. ஒருநாள் கடைக்காரக வந்தப்ப இவுக கையைப் பார்த்துட்டாக. அதோட ஒரு கடையும் வாங்கல. இவுகளை நிறுத்து, மறுபடி வாங்குறோம்னாக.”

“நிறுத்திட்டீங்களா?”

“ஆமா சார். மனுசருக்குப் போடுறதை நிறுத்திட்டேன்.”