மாலை போட்ட படம்

"யம்மா, பொண்ணு பாக்க அவுங்க வந்தா நீ சமையலுக்கு வந்த ஆளு. மறந்துடாத" என்றான் உத்தமன்.

சொல்லிவிட்டு, ஷட்டர் வைத்த டிவிக்கு மேலே தொங்கிய அம்மாவின் இளவயதுப் படத்துக்கே மாலை போட்டான். மாலை கோணலாக இருந்தது. பார்வதம் ஸ்டூல் போட்டு ஏறி அதைச் சரிசெய்து, பொட்டும் வைத்துவிட்டு இறங்கினாள்.

1950களில் 'டான்ஸ் பார்வதம்' என்று விளம்பரத் தட்டி வைத்தால் போதும், நாடகக் கொட்டகை நிரம்பிவிடும். அதே பெயரால்தான் மகள் ராணிக்கு வந்த வரன்கள் வாசலோடு திரும்பின. "கூத்தாடி ஊட்டுப் பொண்ணு நமக்கு வேணாம்பா" என்று காதுபடவே சொன்னார்கள். அதனால்தான் உத்தமன் ஆவடி குவார்ட்டர்ஸுக்கு மாறியதும், இந்த ஐயப்பன்தாங்கல் வரனிடம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டான்: அம்மா டீச்சராக இருந்தார், இறந்துவிட்டார்.

மேடையில் பார்வதம் எத்தனையோ முறை செத்திருக்கிறாள். இந்தச் சாவு மட்டும் வலித்தது. ஆனாலும் பெண்ணுக்கு வழி பிறந்தால் சரி என்று வாயை மூடிக்கொண்டாள்.

வேன் வந்து நின்றது. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தாள்.

மாப்பிள்ளையின் அண்ணன் லோகநாதன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "எங்க நைனாவும் தவறிட்டாருங்க. தாலுக்கா ஆபீஸ்ல ஹெட் கிளார்க்கா இருந்தாரு. இன்னிக்கு இருந்திருந்தா எவ்ளோ சந்தோஷப்பட்டிருப்பாரு!"

"எங்கம்மாவுந்தாங்க" என்று உத்தமன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நடிப்பு ரத்தத்தில் வந்தது, வேறென்ன?

எல்லாருக்கும் ராணியைப் பிடித்துவிட்டது. பார்வதம் காலித் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, அவர்களைப் பார்த்தபடியே பின்னால் அடியெடுத்து வைத்துச் சமையலறைக்குள் போனாள்.

"இந்தாம்மா, வெளிய வேன்ல ஒருத்தர் கீறாரு பாரு. அவருக்கும் ஒரு காபி குடு" என்று உத்தமன் குரல் கொடுத்தான்.

காபியோடு வாசலுக்குப் போனாள். கூடத்து ஜன்னலுக்கு வெளியே, நரைத்த தாடியோடு ஒரு பெரியவர் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தார்.

"டிரைவர் அண்ணே, காபி."

அவர் டம்ளரை வாங்கவில்லை. "ஜன்னல் வழியா பாத்துகினு இருந்தேம்மா. பின்னாடியே நடந்து போனியே! சபைக்கு முதுகு காட்டக் கூடாதுன்னு நாடகத்துல இருந்தவங்களுக்குத்தான் தெரியும். நீ டான்ஸ் பார்வதம்தானே?"

சூடான காபி அவள் கையில் சிந்தியது.

"அண்ணே, உங்க கால்ல உழறேன். உள்ள சொல்லிடாதீங்க. இதுவும் தட்டிப்போச்சுன்னா எம் பொண்ணு வாழ்க்கையே பூடும். அந்தப் பார்வதம் செத்துட்டா. படத்துக்கு மாலைகூட போட்டாச்சு."

"அதையும் பாத்தேன்." பெரியவரின் கண் கலங்கியது. "பயப்படாதம்மா. நான் வாயத் தொறக்க மாட்டேன். தொறந்தா எனக்குந்தான் வம்பு."

"உங்களுக்கு இன்னா வம்பு?"

உள்ளே நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கும் பேச்சு கேட்டது. லோகநாதன் எதற்கோ பலமாகச் சிரித்தார். பெரியவர் அந்தச் சிரிப்பு வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ண ஒரு தபா பாக்கணும்னு கெஞ்சினேன். உள்ள வரக் கூடாது, யாராண்டயும் பேசக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினுதான் கூட்டியாந்தாங்க" என்றவர், டம்ளரை வாங்கிக்கொண்டார். "ஹெட் கிளார்க்கா இருந்து செத்துப்போனாரே, மாப்ளயோட நைனா... அது நான்தாம்மா. உன்கூட ராஜா வேஷம் கட்டின எத்திராஜ்."