நடுமுதுகு

அசையக் கூடாது.

இடது கையில் இரண்டு ஊசிகள். குழாய் வழியே அவனுடைய ரத்தம் இயந்திரத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. நான்கு மணி நேர டயாலிசிஸில் இன்னும் இரண்டு மணி நேரம் கிடந்தது.

அரிப்பு நடுமுதுகில் தொடங்கியது.

படுத்தபடி வலது கைக்கு எட்டாத இடம்.

சிறுநீரகம் கெட்டபின் வந்த அரிப்பு இது. தோலின் மேல் இல்லை, அடியில் எங்கோ. களிம்பு, மாத்திரை, தேங்காய் எண்ணெய், எதற்கும் முழுதாக அடங்கியதில்லை.

அவன் முகம் கோணினாலே மனைவி லில்லிக்குத் தெரிந்துவிடும். முதுகுக்கு அடியில் கையை விட்டுத் தேய்ப்பாள். இன்று அவளுக்குக் காய்ச்சல். அவனிடம் கேட்காமலே ஜெபமணிக்குப் போன் செய்துவிட்டாள்.

ஜெபமணி அவனுடைய அண்ணன். கால்மாட்டில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் அண்ணனின் சிறுநீரகம் பொருந்தும் என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாயிற்று. அன்று காலை அண்ணன் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

அதன்பின் இருவருக்கும் பேச்சில்லை.

அவன் பல்லைக் கடித்தான். நூறு வரை எண்ணினான். மறுபடி ஒன்றிலிருந்து.

அரிப்பு தோள்பட்டைக்கு ஏறியது.

யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். இவனிடம் கேட்கக் கூடாது.

முதுகை மெத்தையில் அழுத்தித் தேய்த்தான். ஒரு முறை. இன்னொரு முறை. இடது கை இழுபட்டது.

இயந்திரம் அலறியது.

நர்ஸ் ஓடி வந்து குழாயைச் சரிசெய்தாள்.

"சார், கைய ஆட்டாதிய. ஊசி உருவிட்டுன்னா ரத்தம் பீச்சிரும்."

அவள் அடுத்த கட்டிலுக்குப் போனாள். அவன் கண்ணில் நீர் முட்டியிருந்தது.

நாற்காலி நகரும் சத்தம்.

"எங்கல அரிக்கி?"

அவன் கூரையைப் பார்த்தான்.

"ஏல தாசு. சொல்லுல."



அண்ணன் குனிந்து அவனுடைய சட்டைக்குள் கையை விட்டான். நடுமுதுகுக்கு வந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

நகம் உழுத கோடுகள். காய்ந்த பொருக்குகள். கல் போல இறுகிய முடிச்சுகள்.

அண்ணனின் மூச்சு காதருகே கேட்டது. வேகமாக.

கையை எடுத்துவிடுவான் என்று தாசு நினைத்தான்.

எடுக்கவில்லை. நகம் படாமல் விரல் நுனியால் தேய்க்கத் தொடங்கினான். மேலிருந்து கீழே. மறுபடி மேலிருந்து.

"அன்னைக்கிப் பயந்துட்டேம்ல," என்றான் அண்ணன். சத்தமே வரவில்லை.

இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

நெடுநேரம் குனிந்தே நின்றதில் இடுப்பு வலிக்க, அண்ணன் மறு கையைக் கட்டிலில் ஊன்றினான்.

"போதுமால?"

அரிப்பு அடங்கி நேரமாகியிருந்தது.

"இன்னும் கொஞ்சம், அண்ணே."