கட்டவில்லை, கீறவில்லை

பிரின்ஸி பாயில் விழுந்து வலது காலைப் பிடித்துக்கொண்டு அலறினாள். பக்கத்தில் ரப்பர் பாம்பு கிடந்தது.

"இந்தப் பொண்ண பாம்பு கடிச்சிடுச்சு," என்றாள் மோகனப்பிரியா மைக்கில். "இப்ப என்ன செய்யணும்? யாராவது ஒருத்தர் வந்து செஞ்சு காட்டுங்க."

பூதலூருக்குத் தெற்கே, வயல் வேலைக்குப் போகிறவர்களின் தெரு அது. சமுதாயக்கூடத்து வாசலில் எழுபது எண்பது பேர், கைகால் கழுவிய ஈரம் காயாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்தப் பாம்புக்கடி விழிப்புணர்வு நிகழ்ச்சியை இங்கே கொண்டுவர மோகனப்பிரியா அலுவலகத்தில் மல்லுக்கட்டியிருந்தாள். முன்பெல்லாம் தஞ்சாவூரில் ஏசி போட்ட அரங்கத்தில் நடக்கும். பாம்பையே பார்த்திராத கல்லூரிப் பிள்ளைகள் வந்து குறிப்பெடுத்துக்கொண்டு போவார்கள். சேற்றில் கால் வைக்கிறவர்கள் ஒருவரும் வர மாட்டார்கள்.

அவள்தான் ப்ரொஜெக்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் நாடகமாக மாற்றி, கூட வேலை செய்யும் பிரின்ஸியை நடிக்க வைத்தாள். வேலை முடிந்து வருகிற நேரம் பார்த்து வந்தாள். ஒரு தடவை தலையைக் காட்டிவிட்டுப் போனால் போதாது, மறு வருஷமும் போக வேண்டும் என்று அடம்பிடித்தாள்.

இந்தத் தெருவுக்கு இது இரண்டாவது வருஷம்.

யாரும் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். அவள் வர, உட்கார்ந்திருந்தவர்கள் காலை இழுத்துக்கொண்டு வழிவிட்டார்கள்.

மோகனப்பிரியாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தையல்நாயகி! போன ஆவணியில் முதல் வரிசையில் உட்கார்ந்து, சொன்னதை எல்லாம் அப்படியே திருப்பிச் சொல்லி, சரியா சரியா என்று கேட்டுக்கொண்டவள். அவளைப் பற்றி மோகனப்பிரியா அலுவலக அறிக்கையிலேயே எழுதியிருந்தாள்.

தையல்நாயகி பாயில் உட்கார்ந்தாள். பிரின்ஸியின் காலை எடுத்து நீட்டி வைத்தாள்.

பிரின்ஸி கொலுசு போட்டிருக்கவில்லை. ஆனாலும் தையல்நாயகியின் விரல்கள் அவள் கணுக்காலில் திருகைத் தேடிக் கழற்றின.

"பாத்தீங்களா! கால் வீங்கும், கொலுசைக் கழட்டிடணும். அதைக்கூட மறக்கல," என்றாள் மோகனப்பிரியா.

ஒரு குடையை வாங்கிக் காலோடு சேர்த்து வைத்து, துண்டால் தளர்வாகச் சுற்றினாள் தையல்நாயகி. ஒவ்வொன்றையும் அவசரமில்லாமல் செய்தாள். கூட்டத்தில் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. இத்தனை கவனமாக எந்த ஊரிலும் கேட்டதில்லை என்று மோகனப்பிரியா நினைத்துக்கொண்டாள்.

இனி அவள் முறை. விவரம் தெரியாத பக்கத்து வீட்டுக்காரியாக நடிக்க வேண்டும். கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"விஷம் ஏறிடும்டி, இறுக்கிக் கட்டு!"

தையல்நாயகி அவள் கையைத் தட்டிவிட்டாள். நடிப்புக்குத் தேவையானதைவிட வேகமாக. கயிறு போய்த் தள்ளி விழுந்தது.

"அப்ப வா, மந்திரிக்கிறவர்கிட்ட தூக்கிட்டு ஓடிடுவோம்!"

எல்லா ஊரிலும் இந்த இடத்தில் சிரிப்பார்கள். இங்கே முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிரிப்பை அடக்குகிறார்கள் என்று நினைத்தாள் மோகனப்பிரியா.

"கூடாது. ஆஸ்பத்திரிக்குத்தான்," என்றாள் தையல்நாயகி.

"சரி, ஆஸ்பத்திரிக்கு வந்தாச்சு. நான்தான் நர்ஸ். சொல்லுங்க."

"கண்ணாடி விரியன் கடிச்சிடுச்சும்மா. கடிச்சப்ப மணி பத்தே முக்கால். கட்டல. கீறல. வாய் வச்சு உறியல."

"அருமை! எல்லாரும் கை தட்டுங்க!"

யாரும் தட்டவில்லை. தலைகள் குனிந்திருந்தன. கூச்சப்படுகிறார்களாக்கும்.

"கடைசிக் கேள்வி. இப்ப நர்ஸ் என்ன செய்வாங்க?"

"ஊசி இல்லன்னாங்க."

மோகனப்பிரியா சிரித்தாள். "இல்லம்மா, ஊசி இருக்கும். உடனே போடுவாங்க. அதுக்குத்தான் நேரா அங்க போகச் சொல்றோம்."

"முந்தா நாளே தீந்துடுச்சுன்னாங்க. தஞ்சாவூருக்குக் கொண்டு போங்கன்னாங்க. வண்டி வர முக்கா மணி நேரம் ஆச்சு."

மோகனப்பிரியாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது. கூட்டத்தைப் பார்த்தாள். முன்வரிசையில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்.

"தீபாவளி லீவுல வீட்டுல இருந்துச்சு எம் பொண்ணு கலைமகள். பன்னெண்டாவது. களை எடுக்க நான்தான் கூட்டிட்டுப் போனேன்," என்றாள் தையல்நாயகி. "வழியிலேயே போயிடுச்சு."

அவள் குரலில் அழுகை இல்லை. பாடம் ஒப்பிக்கிற குரல்.

"நீங்க சொன்னது எல்லாத்தையும் செஞ்சேம்மா. ஏதாவது விட்டுட்டேனா? அதைக் கேக்கத்தான் வந்தேன்."

மோகனப்பிரியா இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"தலைய ஆட்டாதீங்கம்மா." தையல்நாயகி எட்டி, மைக் பிடித்திருந்த மோகனப்பிரியாவின் கையை அவள் வாயருகே உயர்த்தினாள். "இதுல சொல்லுங்க. என் வீட்டுக்காரரு பின்னால உக்காந்திருக்காரு. மந்திரிக்கப் புள்ளையத் தூக்கிட்டு ஓடுனவர, வாசல்ல நின்னு நான்தான் மறிச்சேன்."