கிளட்சை முழுசா மிதி

மாம்பழச்சாலை சிக்னலில் பச்சை விழுந்ததும் ஜஹானாரா முதல் கியரைப் போட்டாள். போட்டாளா, அரைத்தாளா என்றுதான் கேட்க வேண்டும். கார் 'கர்ர்ர்' என்று கத்தியதில் பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"கி... கிளட்ச முழுசா மிதி. பாதி மிதிச்சா பல்லும் பல்லும் உரசாம என்ன செய்யும்?" பக்கத்து சீட்டிலிருந்து அவள் கணவர் சர்ஃபராஸ் குழறலாகச் சீறினார்.

பின் சீட்டில் இருந்த முஜிபுர் ரஹ்மானுக்குச் சுருக்கென்றது. ஜஹானாராவின் தம்பி. முந்தாநாள்தான் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான்.

மச்சான் ஏர்போர்ட்டில் வாடகைக் கார் ஓட்டியவர். போன நோன்புப் பெருநாள் கழிந்து பக்கவாதம் வந்ததில் வலது கையும் காலும் சரியாக வரவில்லை. அக்காதான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஸ்ரீரங்கத்துக்கு பிசியோதெரபிக்குக் கூட்டிப் போய் வருகிறாள். அந்த நன்றி கொஞ்சமாவது வேண்டாமா?

வீட்டிலும் மனிதர் முகம் கொடுத்துப் பேசவில்லை. சலாம் சொன்னால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். அக்காவைத் திட்ட மட்டும் வாய் வருகிறது. உடம்பு படுத்தாலும் வாய்க்கொழுப்பு அடங்கவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

காவிரிப் பாலத்தில் இன்னொரு கர்ர்ர். பாலக்கரையில் வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது இன்னும் பெரிதாக. வண்டி முழுசா நின்ற பிறகுதான் ரிவர்ஸ் போடணும், கியர் மேலேயே கையை வைத்துக்கொண்டு ஓட்டக்கூடாது என்று சர்ஃபராஸ் வழிநெடுகப் பாடம் நடத்தினார். வார்த்தைகள் தடுக்கி விழுந்தாலும் விடவில்லை. அக்கா எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றாள்.

துபாய்க்காரர்களுக்கு எந்தக் கஷ்டத்துக்கும் ஒரே மருந்துதான் தெரியும், எதையாவது வாங்கிக் கொடுத்துவிடுவது. மறுநாள் மதியம் மச்சான் கண்ணயர்ந்ததும், அரியமங்கலம் பக்கம் ஒரு வேலை இருக்கிறது, காரை எடு என்று அக்காவிடம் சொன்னான்.

நெரிசலில் வண்டி நின்று நின்று கிளம்பியது. கியர் விழுகிற சத்தமே இல்லை. கார் ஷோரூம் வாசலில் ரிவர்ஸ்கூட பூப்போல விழுந்தது. முஜிபுருக்கு மச்சான் மேல் கோபம் இரட்டிப்பானது.

"பாத்தியாக்கா, அவரு பக்கத்துல இல்லைன்னா எவ்ளோ நல்லா ஓட்டுற. பயந்து பயந்துதான் உனக்குத் தப்பாவுது. இனிமே அந்தப் பேச்செல்லாம் நீ கேக்க வேணாம். காலையிலேயே போன்ல ஆட்டோமேட்டிக் கார் புக் பண்ணிட்டேன். கிளட்சும் கிடையாது, கியரும் மாத்த வேணாம்."

அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

"கேன்சல் பண்ணிடு தம்பி."

"ஏன், திட்டு வாங்குறது உனக்குப் பிடிச்சிருக்கா?"

ஜஹானாரா இன்ஜினை அணைத்தாள்.

"பேசப் பேசத்தான் பேச்சு திரும்பும்னு டாக்டர் சொன்னாங்க. வாய் குழறுதுன்னு வெக்கப்பட்டுக்கிட்டு அவங்க யார்கிட்டயும் வாயே திறக்கல. ஒருநாள் நெசமாவே எனக்கு கியர் தப்பா விழுந்துச்சு. எத்தனையோ நாளைக்கு அப்புறம் அன்னிக்குத்தான் அவங்க குரலைக் கேட்டேன். அதுலேர்ந்து நானாத்தான் அரைக்கிறேன்."

ஜஹானாரா கியர் கம்பியைத் தடவிக்கொடுத்தாள்.

"கியர் பாக்ஸ் போனா மாத்திக்கலாம். கியரே இல்லாத வண்டியில அவங்க எதுக்குடா பேசப்போறாங்க?"